பிளேடு சுருட்டியவரின் ஆறு வருடங்கள்

டீயில் சர்க்கரை குறைச்சல் என்று சொல்லி அவர் டம்ளரைத் தரையில் வைத்ததுதான் அன்று காலை கடைசியாக நடந்த சாதாரணக் காரியம். அடுத்த நிமிடம், நாலங்குல அகலமும் இருபத்திரண்டு அடி நீளமும் உள்ள ஒரு ரம்ப பிளேடின் விசை முழுவதும் அவர் உடம்புக்குள் போய்விட்டது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. சட்டையில் ஒரு பொத்தான்கூடத் தெறிக்கவில்லை.

மரம் அறுக்கிற அந்த மில்லின் பிளேடு அறையில் அவரும் அவர் மனைவியும் பதினான்கு வருடமாக வேலை பார்த்துவந்தார்கள். பல் மழுங்கிய பிளேடை இரண்டு பெரிய சக்கரங்களிலிருந்து இறக்கி, சுருட்டி, சாணைக்கு அனுப்புவதும், சாணை பிடித்து வந்ததைப் பிரித்து மறுபடி ஏற்றுவதும் அவர்கள் வேலை. ஒருவர் கை மற்றவர் கைக்குப் பழகியிருக்க வேண்டிய வேலை அது. சண்டை போட்டுக்கொண்டு வருகிற நாட்களில்தான் இருவரும் இன்னும் ஒழுங்காகச் சுருட்டுகிறார்கள் என்று ஃபோர்மேன் சொல்வார். வட்டமாக நிற்கும் பிளேடின் அடியை ஒரு காலால் லேசாக மிதித்து, பற்கள் வெளியே பார்க்கும்படி இரு பக்கமும் பிடித்து, மணிக்கட்டை உள்பக்கம் திருப்பியபடி இறக்கினால் அது தானே மூன்று சின்ன வளையங்களாகச் சுருண்டு விழும். விழுந்த கையோடு மூன்று இடத்தில் கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும். கட்டு விட்டுப்போனால் சுருள் கண்ணிமைப்பதற்குள் விரிந்துவிடும். அதன் வழியில் யாருடைய முகம் இருக்கிறது என்றெல்லாம் அது பார்க்காது. பிரிக்கும்போதும் அதே கதைதான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கடைசிக் கட்டை வெட்டியதும் திறந்த வெளியில் வீசிவிட்டு, பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

அன்றைக்கு இரண்டு கட்டு போட்டதும் கம்பி தீர்ந்துவிட்டது. மூன்றாவது கட்டை அவள் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துப் போட்டாள். ஸ்டோருக்குப் போய்க் கம்பி வாங்கி வர ஐந்து நிமிடம், அதுவரை தாங்கும் என்று நினைத்தாள். அவள் கம்பியோடு வாசலில் வந்து நிற்கும்போது ரப்பர் அறுந்தது. அந்த உதறலில் மற்ற இரண்டு கம்பியும் தெறித்தன. பிறகு பார்த்தால் பிளேடு ஈரத்துணி மாதிரி துவண்டு தரையில் கிடந்தது. அவர் கம்பம் மாதிரி விறைத்து நின்றார். அவரிடமிருந்து மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. ஃபோர்மேன் பயந்துபோய் அவர் தோளைத் தொட்டார். மறுகணம் ஃபோர்மேன் மரத்தூள் குவியலில் கிடந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்தது. உட்கார வைப்பதற்காக அவர் முழங்காலை மடக்கினார்கள். ஆட்டோவின் மேல்துணியைக் கிழித்துக்கொண்டு அவர் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். இரண்டாவது ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்துவிட்டார். மனைவி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு போய், அவர் பாதத்தை ஒரு காலால் மிதித்து, இரண்டு தோளையும் பிடித்து, மணிக்கட்டை உள்ளே திருப்பினாள். அவர் மூன்று வளையமாக அவள் காலடியில் விழுந்தார். முகம் மேல் வளையத்தில் இருந்தது.

"அப்பாடா," என்றார். "கம்பியால கட்டு. ரப்பர் வேணாம்."

எலும்பெல்லாம் எங்கே போயிற்று என்று மருத்துவரைக் கேட்டார்கள். அவர் சுருளை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார், நாடி பிடித்தார், நன்றாக இருக்கிறது என்றார். கட்டை மட்டும் ஆஸ்பத்திரிக்குள் அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் மறுநாள் படிவத்தோடு வந்தார். காயம் எங்கே என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினார், இழந்த உறுப்பு என்ற கட்டத்திலும் இல்லை என்று எழுதினார், விபத்தின் தன்மை என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். போகும்போது கட்டுகளை மட்டும் விரலால் இழுத்துப் பார்த்து, மூன்றும் சரியாக இருக்கிறது என்று சொன்னார்.

வீட்டில் இரண்டு அறைகள். விரிந்த நிலையில் அவரை அங்கே வைத்திருக்க முடியவில்லை. நேராகப் படுக்கவைத்தாலும் ஒரு தும்மல் போதும், எகிறிவிடுவார். முதல் வாரத்திலேயே சுவர்க்கடிகாரமும் டியூப்லைட்டும் ஒரு ஜன்னல் கதவும் போயின. சுருட்டியே வைத்திருக்கலாம் என்றால், ஒரு இரவுக்குமேல் சுருளில் இருந்தால் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆகவே பகலில் வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, விரித்து நிறுத்தினார்கள். மாலையில் சுருட்டி, கட்டி, உள்ளே எடுத்துப்போனார்கள். அவளுடைய அண்ணன் கூடமாட வந்து உதவினான். அதே மில்லில் சாணை பிடிக்கிறவன். பிளேடின் ஒவ்வொரு பல்லையும் தன் பல்லைவிட நன்றாக அறிந்தவன்.

"மாப்ளே, வெயிட்டு போட்டுட்டீங்க," என்பான் தூக்கும்போது.

"உன் தங்கச்சி சமையல். பாதி பழி உன் வீட்டுக்கு."

"எங்க வீட்டுல யாருக்கும் சமைக்கத் தெரியாதே. எண்ணெயைக் குறைங்க."

எண்ணெய் என்றது சமையல் எண்ணெயை இல்லை. மெஷின் எண்ணெய். மழைக்காலத்தில் அவர் தோளில் பழுப்பாகத் துரு பூக்கும். அவள் துணியால் எண்ணெய் தொட்டுத் துடைப்பாள். அந்த வாசனை தலையணைக்கும் அவள் சேலைக்கும் ஏறி, பிறகு யாருக்கும் அது வாசனையாகத் தெரியவில்லை. மில்லில் அவரைச் சுருளண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. பகலெல்லாம் கொட்டகையில் நின்றபடி தெருவில் போகிறவர்களை விசாரித்துக்கொண்டிருப்பார். யாரும் பத்தடிக்குள் போகக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் கத்தித்தான் பேச வேண்டும். புருஷன் பெண்டாட்டி பேச்சு தெருவுக்கே பொதுவாயிற்று. இன்றைக்கு என்ன குழம்பு என்று அவர் கேட்டால் நாலாவது வீட்டிலிருந்து பதில் வரும். சாப்பாட்டுத் தட்டை அவள் ஸ்டூலில் வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிடுவாள். அவரைத் தொட வேண்டுமென்றால் சுருட்டிக் கட்டிய பிறகுதான்.

முதல் மாதமே ஒரு மாலை, எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் சொல்லிவிட்டாள். "அந்த மூணாவது கட்டு நான் போட்டது. டியூப்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"பார்த்தேனே. பார்த்துட்டு, அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சேன்." முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். "காதுக்குப் பின்னாடி இன்னும் துடைக்கலை."

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. அதற்குள் அவர்கள் மூவருக்குமே தெரிந்திருந்த ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிளேடு மரத்தை அறுத்து அறுத்து மழுங்கும், அதற்குச் சாணை இருக்கிறது. ஆனால் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, பல்லின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் விழும். அதற்குப் பிறகு எத்தனை முறை வளையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மில்லில் ஓய்விலிருக்கும் பிளேடை வீணாகச் சுருட்ட மாட்டார்கள், இரண்டு கட்டைகளின் மேல் விரித்தபடி தொங்கவிடுவார்கள். அவரைத் தினமும் ஒருமுறை சுருட்டினார்கள், ஒருமுறை விரித்தார்கள். அவள் மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நீளமான மூங்கில் குச்சியோடு வந்தான். பத்தடி தள்ளி நின்று அவர் முழங்காலில் லேசாகத் தட்டினான். அவர் உடம்பெல்லாம் ஒரு ஓசை எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு முப்பது எண்ணும்வரை கேட்டது. நல்ல பிளேடு அப்படித்தான் ஒலிக்கும். "சுத்தமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்குத் தட்டினாய் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அதுமுதல் அவன் எல்லா ஞாயிறும் வந்து தட்டினான்.

அன்றிலிருந்து அவள் சுருட்டுவதைக் குறைத்தாள். முதலில் ஒன்றுவிட்டு ஒருநாள். பிறகு வாரத்துக்கு இரண்டு. பிறகு பெருமழை பெய்தால் மட்டும். கொட்டகைக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்தாள், தரையில் பலகை போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் அங்கிருந்து கேட்பார், "இன்னைக்கு உள்ள வரட்டுமா?" அவள் வேண்டாம் என்பாள். சில நாள் தலைவலி என்று சொல்வாள், சில நாள் வீடு கழுவியிருக்கிறது என்று சொல்வாள். அவர் சரி என்பார். அவள் ஜன்னலோரம் பாயைப் போட்டு, அவருடைய ரீங்காரம் கேட்கும்படி படுத்துக்கொள்வாள். அவரைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு அவளிடம் அவரைத் தொடாமல் இருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை, கல் நெஞ்சுக்காரி, மனுஷனை நாய் மாதிரி வெளியே நிறுத்தியிருக்கிறாள் என்று காதுபடச் சொன்னாள். அவளுக்கு இவள் என்னவென்று விளக்குவாள்? முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறாம் வருடம் தொடங்கியபோது, ஒரு மழைநாள் எண்ணெய் துடைக்கையில், இடது முழங்காலுக்குப் பின்னால் கண்ணிமை முடி நீளத்துக்கு ஒரு கோடு இருப்பதை அவள் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டாள். அந்த ஞாயிறு அண்ணன் தட்டினான். ஓசை பத்து எண்ணுவதற்குள் கரகரத்து நின்றது. அவன் இன்னொரு முறை தட்டினான், குச்சி சரியில்லை என்று வேறு குச்சி எடுத்துத் தட்டினான்.

"சுத்தமா இருக்கு," என்றான்.

"மச்சான், உனக்குப் பொய் சொல்லவும் வரலை," என்றார் அவர். "இடது கால், முட்டிக்குப் பின்னாடி. அவளுக்கும் தெரியும். நாலு நாளா அந்த இடத்துல மட்டும் மெதுவா துடைக்கிறா."

விரிசல் விழுந்த பிளேடுக்கு மில்லில் ஒரு வைத்தியம் உண்டு. விரிசல் முடிகிற இடத்தில் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை உளியை வைத்து ஒரே அடி. குழி விழும், விரிசல் அங்கேயே நின்றுவிடும், அதற்குமேல் ஓடாது. அடுத்த ஞாயிறு அண்ணன் குச்சிக்குப் பதிலாகச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தான். யார் சொல்லியும் கேளாமல் பத்தடிக்குள் நடந்துபோய், அவர் காலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தான். உளியை வைத்தான். சுத்தியலை ஓங்கினான். ஓங்கின கை ஓங்கினபடியே இருந்தது.

"போடு மச்சான். ஆயிரம் பிளேடுக்குப் போட்டிருப்பே."

"அதெல்லாம் இரும்பு, மாப்ளே."

ரொம்ப நேரம் கழித்து அவன் எழுந்து, உளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனான். அவர் அவன் முதுகைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை வா, சும்மாவாவது வா," என்று கத்தினார்.

அதன்பின் நான்கு மாதம் அவள் அவரைச் சுருட்டவே இல்லை. மழை வந்தாலும் குடையைக் கட்டிவைத்தாளே தவிர உள்ளே எடுத்துவரவில்லை. அவரும் கேட்பதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், தட்டை வைத்துவிட்டு அவள் பின்னால் வந்து நின்றதும் கேட்டார், "மடிக்காமலே வெச்சிருந்தா நான் எத்தனை வருஷம் இருப்பேன்?"

"நிறைய."

"இங்கயே? உனக்கும் எனக்கும் நடுவுல இவ்வளவு இடம் விட்டுட்டு?"

தெருவில் அத்தனை வீட்டிலும் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவள் உள்ளே போய்க் கையுறையையும் புதுக் கம்பியையும் எடுத்து வந்தாள். தன் வாழ்நாளில் எந்த பிளேடையும் அவ்வளவு மெதுவாகச் சுருட்டியிருக்க மாட்டாள். அவர் சத்தமே இல்லாமல் மூன்று வளையமாக இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று இரவு அவரை ஜன்னலோரம் வைத்து, சோறு ஊட்டி, தலை சீவிவிட்டாள். உள்அறைச் சுவருக்கு நீலம் அடிக்கலாமா என்று பேசினார்கள். நீலம் அடித்தால் அறை சின்னதாகத் தெரியும் என்று அவர் சொன்னார். அது ஏற்கெனவே சின்னதுதானே என்றாள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போனார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, மேல் வளையத்தில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலி இடத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணாடி போட்டுக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டுகளை வெட்டினாள். வீசினாள். பத்தடி தள்ளி வந்து நின்றாள். அவர் விரிந்தார், முதல் வளையம், இரண்டாவது. அதன்பின் பென்சில் முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதில் தவறியதில்லை. அங்கிருந்து அவரிடம் போய்ச் சேர நாலு எட்டு எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

ரீங்காரம் நின்றிருந்தது. அவள் அவர் கையைத் தூக்கினாள். முழங்கையில் மடங்கி, மடங்கின இடத்திலேயே இருந்தது. காலும் அப்படியே. கட்டு எதுவும் இல்லாமல் அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தெருக்காரர்கள் பத்தடிக்கு அப்பால் வழக்கம்போல நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இனிமேல் கிட்டே வரலாம் என்பது ஒவ்வொருவருக்காகப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள்.

சவப்பெட்டிக்குப் பலகையை மில்லே அறுத்துக் கொடுத்தது. என்ன அளவு வைப்பது என்று தச்சருக்குக் குழப்பம். வட்டமாகச் செய்ய வேண்டுமா, இருபத்திரண்டு அடி வேண்டியிருக்குமா என்று ஃபோர்மேனிடம் கேட்டார். ஃபோர்மேன் தெரியாது என்று சொன்னார். கடைசியில் அண்ணன்தான் மண்டிபோட்டு, தலையிலிருந்து கால்வரை டேப் வைத்து அளந்தான். அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தான். இதுதானா என்று தங்கையிடம் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

ஐந்தடி ஆறங்குலம். கல்யாணத்தின்போதும் அவர் அந்த உயரம்தான்.