ஐந்தாம் பாட்டில் நிற்கும் இசைத்தட்டு

வெர்லின் ஸ்டாம்பரின் கடைசி இசைத்தட்டு ஐந்தாம் பாட்டின் நடுவில் நின்றுவிடும். கேட்கிறவர்களில் யாராவது மறைத்து வைத்த பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் மறுபடி சுழலும். மற்றபடி நல்ல தட்டு, விலை இருபத்தெட்டு டாலர். தட்டை அச்சடித்த நாஷ்வில் கம்பெனிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கீறலும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கென்டக்கி மலைப்பக்கத்து டாப்லர் ஃபோர்க்கில் வெர்லினுக்கு வம்புக்காரர் என்றுதான் பெயர். மூடிய சுரங்கம், மூடிய ஆஸ்பத்திரி, போதையேற்றும் வலிமாத்திரையை விற்று மூடாமல் செழித்த கிளினிக் என்று எழுபத்தொரு வயதிலும் கிதாரும் கையுமாக யாரையாவது வைது பாடிக்கொண்டிருந்தார். மாத்திரை விஷயத்தில் மட்டும் அவருடைய அக்கா ஒலீட்டா குறுக்கே நின்றாள். சுரங்கத்தில் முதுகு ஒடிந்த அவள் மகன் கோடி, அந்தக் கிளினிக் மாத்திரையில் தொடங்கி அதிலேயே முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பத்திரிகையில் 'வீட்டில் திடீரென்று காலமானார்' என்று போட்டார்கள். அந்த வட்டாரத்தில் அப்படிப் போட்டால் காரணம் புரிந்துகொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை. திரும்பி வருவதற்காக அடியில் டேப் ஒட்டித் தங்கள் பெயர் எழுதிய பாத்திரத்தில் சாவு வீட்டுக்குக் கோழியும் நூடுல்ஸும் கொண்டுவந்து வைத்து, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இதய நோய் என்றாள் ஒலீட்டா. ஊரும் அப்படியே வைத்துக்கொண்டது. மகன் போன துக்கத்தைவிட, அவனைப் போதைக்காரன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அவளை அரித்தது.

"அவன் பேரு உன் பாட்டுல வந்துச்சு, எனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்குவேன்" என்றாள். வெர்லின் வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். பெயர் வரவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, தாளத்துக்கு மட்டும் இடம் விட்டார். அந்த இடத்தில்தான் வினை வந்து குடியேறியது.

தட்டு வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்க்கூடத்தில் எல்லாரும் சாப்பிடும்போது அதைப் போட்டார்கள். ஐந்தாம் பாட்டில் அந்த இடம் வந்ததும் நின்றது. "ஊசியில தூசி இருக்கும், ஊதிப் பாருங்கப்பா" என்றார் பாதிரியார். ஊதினார்கள், தட்டினார்கள், பிளக்கைப் பிடுங்கிச் செருகினார்கள். அப்போது பாதிரியாரின் மனைவி லர்லீன் உருளைக்கிழங்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "டிமதி" என்றாள். வளைவில் கார் கவிழ்ந்து செத்தான் என்று ஊரே நம்பி அழுத அவர்கள் மகன். இசைத்தட்டு ஒரு சுற்று சுற்றி மறுபடி நின்றது. கையிலிருந்த ரொட்டி விழுந்ததுகூடப் பாதிரியாருக்குத் தெரியவில்லை. பிறகு மேசைக்கு மேசை பெயர்கள் வந்தன. தபால்காரரின் தம்பி, பள்ளி பஸ் ஓட்டுகிறவளின் புருஷன், மாரடைப்பு என்றும் தூக்கத்திலேயே என்றும் சொல்லிப் புதைக்கப்பட்டவர்கள். இத்தனை பேரா என்று ஜனங்கள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அத்தனை சாவுக்கும் பாத்திரம் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்களேதான்.

எல்லாரும் ஓய்ந்தும் தட்டு அசையவில்லை. ஒருவரும் ஒலீட்டா பக்கம் திரும்பவில்லை. அதுவே அவளைச் சுட்டது.

"வாக்குக் குடுத்தியேடா, பாவி."

"நான் பேரைச் சொல்லலியேக்கா" என்றார் வெர்லின்.

"வாயை மூடிக்கிட்டே ஊரைக் கூட்டுறவன் நீ ஒருத்தன்தான்டா" என்று சொல்லிவிட்டு ஒலீட்டா எழுந்தாள். "கோடி. இதயமெல்லாம் இல்ல. மாத்திரை."

மூன்று வருஷ பாரத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். தட்டு ஒரு சுற்று சுற்றியது. நின்றது.

இனி யாருமே பாக்கியில்லை என்று பாதிரியார் சத்தியம் செய்யாத குறை. ஒலீட்டாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் மகள் மார்வெல்லா இருந்தாள். முதியோர் இல்லத்தில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போனவள். கையிலிருந்த முள்கரண்டியைப் பார்த்தபடி, யாருக்கோ பதில் சொல்வதுபோல் சொன்னாள்:

"மார்வெல்லா."

இசைத்தட்டு சுழன்று, பாட்டை முடித்து, ஆறாவதற்குப் போனது. அது இடிந்த பாலத்தைப் பற்றியது. ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஒலீட்டா மகளின் கைப்பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். அன்று மாலையே வெர்லின் மார்வெல்லாவைத் தன் வண்டியில் லெக்சிங்டனுக்குப் போதை மீட்புச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனார்.

அவள் திரும்பி வந்த வாரம், உயிரோடு இருக்கிற ஒருத்தியின் வீட்டுக்கு முதல்முறையாக டேப் ஒட்டிய பாத்திரங்கள் வந்தன. மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போதெல்லாம் அந்த ஊரில் ஐந்தாம் பாட்டு நின்றால் ஊசியை ஊதுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, யார் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருக்கிறார்கள்.