கோட்டுருவத்துக்குப் போட்ட மார்க்

ஐஸ் அரங்கத்தின் நடுவர் மேசைக்கு வரும் நாளில் அந்த அம்மாள் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்வார். அந்தக் குளிரில் ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால்விரல் மரத்துவிடும். பதினெட்டு வருஷமாக அவர் நடுவர். யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை என்பதால் சறுக்கு நடனம் ஆடுகிற பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'முக்கால் மேடம்'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரப் பெருமைதான். கறாரான ஆள் என்று சொல்லாமல் சொல்கிறார்களே!

அன்று அணித் தேர்வு. காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். கடைசியாக ஆட வந்தவள் பஸ் ஓட்டும் ஓர் அம்மாவின் மகள். பத்தொன்பது வயது. அகன்ற தோள், கனத்த தொடை, உருண்டை முகம். தாவல்கள் எல்லாம் சுத்தமாக விழுந்தன, ஒரு தடுமாற்றம் கிடையாது. தாவலுக்கான மார்க் தனி. அதில் யாரும் கைவைக்க முடியாது. கலைக்கான மார்க்தான் நடுவரின் மனசைப் பொறுத்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு நடுவர், முன்னாள் பியானோ வாத்தியார், உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் தாவுது பொண்ணு. ஆனா கண்ணுக்கு ஒரு நளினம் வேணாமா?"

"ஆமா சார், ஏதோ ஒண்ணு குறையுது" என்றார் முக்கால் மேடம்.

அந்த ஏதோ ஒன்று என்னவென்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. விரல் பழக்கத்தில் பத்துக்கு ஏழேகாலை அழுத்தியது. அதற்கு முன் ஆடிய ஒல்லிப் பெண் நடுவில் இசையைத் தவறவிட்டு, பின்னால் ஓடிப் பிடித்திருந்தாள். அவளுக்கு எட்டேமுக்கால். மயிரிழையில் அவளே தேர்வானாள்.

பஸ் டிரைவரின் மகள் மார்க் பலகையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். முக்கால் மேடம் அதைக் கவனித்தும் கவனிக்காதவர்போல் காகிதங்களை அடுக்கினார்.

மூன்று வாரம் கழித்து நடுவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. வகுப்பெடுத்தவள் கணினியில் ஆட்டங்களை ஆராயும் ஓர் இளம்பெண். திரையில் வெறும் வெள்ளைக் கோடுகளாலான உருவம் ஒன்று நின்றது.

"ஆடினவங்க உடம்பை எடுத்துட்டேன். யாருன்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னு பாட்டையும் வெறும் தாளமா மாத்திட்டேன். அசைவு மட்டும் அப்படியே இருக்கு. கலை மார்க் போடுங்க, ஏன் போட்டீங்கன்னும் எழுதுங்க."

நாலாவது உருவம் ஆடத் தொடங்கியதும் முக்கால் மேடம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தாளம் நின்ற இடத்தில் அது நிற்கவில்லை. ஒற்றைக் காலில், மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் வளைந்து போய்க்கொண்டே இருந்தது. தாளம் திரும்பி வந்தபோது சரியாக அதன் மேல் கால் வைத்தது. அவர் ஒன்பதரை எழுதினார். காரணம்: 'மௌனத்தையும் ஆடத் தெரிந்தவள்.'

இளம்பெண் அசல் படத்தைப் போட்டாள். பஸ் டிரைவரின் மகள். அதே தேர்வு நாள், அதே ஆட்டம்.

"கேமரா வேற பக்கத்துல இருந்திருக்கும்" என்று பியானோ வாத்தியார் சமாளித்துப் பார்த்தார். முக்கால் மேடத்துக்குக் காது மடல் சுட்டது.

மறுநாள் காலை சறுக்கு நடனச் சங்க அலுவலகத்துக்குப் போனார்.

"போட்ட மார்க் போட்டதுதான் மேடம். விதி அப்படி" என்றார் செயலாளர். "இத்தனை வருஷம் எடுத்த பேரை நீங்களே ஏன் கெடுத்துக்கறீங்க?"

"கெட்டது கெட்டுப்போச்சு சார். அதை எழுத்துல வச்சுடறேன்."

அந்தப் பெண்ணின் உருவத்தைப் பார்த்து மார்க்கைக் குறைத்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த வருஷம் நடுவர் மேசையில் உட்காரப் போவதில்லை என்றும் சேர்த்தார். பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பயிற்சி அரங்கத்துக்குப் போனார்.

அந்தப் பெண் பனியில் இல்லை. பெஞ்சில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். சீருடையோடு வந்திருந்த அம்மா மகளின் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலைசுற்றி விழுந்திருக்கிறாள். மூன்று வாரமாக ஒரு வேளைதான் சாப்பாடு.

முக்கால் மேடம் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நீங்க ஒரு பட்டனை அழுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. இவ கண்ணாடி முன்னாடி நின்னு தன்னையே கிள்ளிக்கிட்டிருந்தா. சோத்துத் தட்டைத் தள்ளித் தள்ளி வச்சா. அதுக்கு எந்த விதியில இடம் இருக்கு, சொல்லுங்க."

முக்கால் மேடம் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "என் தப்புதாம்மா. மன்னிக்கச் சொல்லிக் கேக்கக்கூட வாய் வரல."

பெண் மெல்ல நிமிர்ந்தாள். "அந்தக் கோட்டுப் படத்துல எனக்கு எவ்வளவு போட்டீங்க?"

"ஒன்பதரை."

"எந்த இடத்துக்கு?"

பாட்டு நின்ற இடத்தை அவர் கையால் காற்றில் வளைத்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு எட்டு மாசம் பாடுபட்டேன் மேடம். யாருமே பாக்கலைன்னு நெனச்சேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "பசிக்குதும்மா."

தேர்வு முடிவு மாறவில்லை. ஆனால் கலை மார்க்குக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று சங்கம் அடுத்த வருஷம் விதி செய்தது. அந்த வருஷம் அவள் அதே தோளோடும் தொடையோடும் அணிக்குள் வந்தாள். முக்கால் மேடம் பார்வையாளர் வரிசையில் நின்று கை தட்டினார்.

அதன்பின் புதிய நடுவர்களுக்கு வகுப்பெடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். முதல் நாளே ஒருவர் எழுந்து கேட்டார்: "பாக்க அழகா இருக்கறதும் கலையில சேர்ந்ததுதானே மேடம்?"

"அழகைப் பாக்கத்தான் நம்மள உக்கார வச்சிருக்காங்க" என்றார் அவர். "ஆனா அதை ஆட்டத்துல தேடுங்க, இடுப்புச் சுற்றளவுல தேடாதீங்க. குறையுதுன்னு தோணினா, என்ன குறையுதுன்னு ஒரு வரி எழுதிப் பாருங்க. எழுத வரலைன்னா அந்தக் குறை ஆடறவகிட்ட இல்ல, நம்ம கண்ணுல இருக்கு."