கிளாக்கர் வீட்டுக் கோச்சிக்கு எண்ணெய் முழுக்கு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. வெள்ளவத்தைப் பிள்ளையாரை ஒரு பக்கமும் கொச்சிக்கடை அந்தோனியாரை மறுபக்கமும் சாட்சிக்கு வைத்து, எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சொல்லத் தயார். ஒரு சொல் பொய்யென்றாலும் வாயில் மிஞ்சியிருக்கிற இரண்டு பல்லும் இன்றைக்கே விழட்டும். முறுக்குத் தின்பது அந்த இரண்டாலும்தான் என்பதையும் கவனத்தில் எடுக்கவும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கடைசி வீடு முத்துலிங்கத்தாருடையது. வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம், அதற்குப் பின்னால் கடல். மனுஷன் ரெயில்வே கந்தோரில் கிளாக்கர், அதுவும் முறைப்பாட்டுப் பகுதி. கோச்சி, அதுதான் ரெயில், ஏன் பிந்தியது என்று நாட்டிலுள்ளவர்கள் எழுதுகிற கடதாசிகளுக்கெல்லாம் ‘மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்படும்’ என்று பதில் எழுதுவதே உத்தியோகம். எழுதி எழுதி, வீட்டில் மயிலம்மா “சோத்துக்கு உப்புக் காணுமோ?” என்று கேட்டாலும் அதே பதில் வாயில் வந்துவிடும்.

பின்னேரம் வந்து, சட்டையைக் கழற்றி, பின் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக் காலை நீட்டினால், பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தொப்பி எழும்பும். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கிற ஸஹாப்தீன் நானா. கடை பூட்டிக் கோச்சியில் வந்து இறங்கியவர், வீட்டுக்குள் போக முதல் மதிலுக்குத்தான் வருவார்.

“என்ன கிளாக்கர் ஐயா, ஒங்கட கோச்சி இண்டைக்கும் லேட்டு!”

“என்ர கோச்சி இல்லை நானா. கவர்ன்மெண்டின்ர கோச்சி.”

“சம்பளம் எடுக்கக்குள்ள மட்டும் ஒங்கட கவர்ன்மெண்டு. கோச்சி நிண்டா எங்கட கவர்ன்மெண்டா?”

பகல் முழுக்கக் கடதாசியில் வாங்கிய ஏச்சுக்கு மேலே, பின்னேரம் நேரடி ஏச்சு. இப்படிப் பத்து வருஷம். முத்துலிங்கத்தாருக்கு எலும்பு வரைக்கும் களைப்பு. ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, “நானா, நான் என்ன செய்தால் விடுவீர்கள்?” என்று கேட்டேவிட்டார்.

“ஒரேயொரு கோச்சிய நேரத்துக்கு ஓட்டிக் காட்டுங்க. அல்லா மேல செல்றன், பொறகு இந்த மதிலுக்கிட்ட நான் வாய் தொறக்க மாட்டன்.”

வாய் திறக்காத ஸஹாப்தீன்! அப்படியொரு பின்னேரத்துக்காக முத்துலிங்கத்தார் கடலை நீந்தி இந்தியாவுக்கே போயிருப்பார். ஆனால் களைப்பு. ஆகவே கோட்டைக்குப் போய், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் ஒரு சின்னக் கோச்சி வாங்கி வந்தார். பச்சை எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாய்ப் பூட்டுகிற தண்டவாளம். வீட்டு விளக்கின் பல்பைக் கழற்றி அந்த வாயில் வயரைச் செருகினால், கரண்ட் ஒரு பெட்டிக்குள் போய்க் குறைந்து, தண்டவாளத்துக்கு வரும். அதை எஞ்சினின் உருள்கிற சில்லு வாங்கிக்கொண்டு ஓடும். கடையில் வண்டு மாதிரி ஓடிக் காட்டியது. ஒரு கோச்சி என்றுதானே நானா சொன்னார்? எந்த அளவுக் கோச்சி என்று சொல்லவில்லையே.

வாகனம் என்று வீட்டுக்குள் வந்தால் மயிலம்மா சும்மா விடுவாளா? எஞ்சினின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாய்ச் சந்தனம். முன்சில்லுக்குக் கீழே நசிக்கத் தேசிக்காய் வைத்தாள். எஞ்சின் தேசிக்காயில் ஏறமாட்டாமல் பக்கவாட்டில் விழுந்தது. “அது பாவம், சின்னது,” என்று தேசிக்காயைத் தானே மிதித்து நசித்தாள்.

வயரைப் பூட்டினார்கள். எஞ்சின் இருமியது. நாலு சாண் போனது. கூடத்திலிருந்து குசினி அடுப்படிக்குத் திரும்புகிற வளைவில் நின்றுவிட்டது.

அடுத்ததைச் சொல்கிறபோது நான் ஒன்றும் கூட்டவில்லை. அதே நொடியில், வீட்டுக்குப் பின்னால் பம்பலப்பிட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த பெரிய கோச்சியும் கிரீச்சென்று நின்றது. ஜன்னலோரத்தில் ஸஹாப்தீன் நானா. அவர் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் அவரைப் பார்த்தார்.

“கிளாக்கர் ஐயா!” என்று ஜன்னலுக்கு வெளியே தலை வந்தது. “ஸ்டேஷன் வரைக்கும் பொறுக்கேலாம இங்கனயே செல்றன். லேட்டு!”

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. மயிலம்மாவின் தம்பி பூபாலசிங்கம் எஞ்சின் நிறுத்துகிற செட்டில் பிற்றர் வேலை. பெரிய எஞ்சின்களுக்குக் கிறீஸ் போடுகிற ஆள். சின்ன எஞ்சினைக் கையில் தூக்கி, காதில் வைத்துக் கேட்டு, முகத்தைக் கனமாக்கினான்.

“அத்தான், இது உராயுது. கிறீஸ் காணாது.”

“கொஞ்சமாய்ப் போடு தம்பி.”

“கொஞ்சம் எண்டால் எங்கட செட்டில ஒரு வாளி அத்தான்.”

ஒரு சிரட்டை போட்டான். அதுவரை நாலு சாண் ஓடியது, மூன்று சாணில் நின்றது. வெளியே பெரிய கோச்சியும் அந்தளவு முந்தியே நின்றது. நானா இறங்கி, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளில் தாவித் தாவி மதிலுக்கு வந்தார். அன்றைக்கு அவர் பேசியதை எழுதக் கூடாது.

“தற்செயல் அத்தான்,” என்றான் பூபாலசிங்கம், தலையைச் சொறிந்து. கை முழுக்கக் கிறீஸ் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை மயிலம்மா எஞ்சினைத் துவாயில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எந்தச் சமயத்து ஆளும் போகலாம், எந்த வருத்தத்துக்கும் போகலாம். பக்கத்தில் முழந்தாளில் நின்ற மனுஷி துவாயைப் பார்த்து, “புள்ளைக்கு என்னங்க சுகமில்ல?” என்று கேட்டாள்.

“நாலடி வைச்சால் நிண்டிடுது.”

“ஐயோ! டாக்குத்தர்மார் என்ன சொல்றாங்க?”

“என்ர தம்பி பாத்தவன். கிறீஸ் போட்டவன்.”

அந்த மனுஷி மாரில் சிலுவை போட்டு, தன் மெழுகுதிரியையும் சேர்த்துப் பிள்ளைக்காகக் கொளுத்தினாள். இரண்டு திரியும் உருகித் துவாய்க்குள் ஒழுகின. எஞ்சின் வீடு வந்தபோது சந்தனத்தின் மேல் கிறீஸ், கிறீஸின் மேல் மெழுகு. வயரைப் பூட்டினார்கள். அது அசையவே இல்லை. பெரிய கோச்சி அன்றைக்குப் பம்பலப்பிட்டியிலிருந்தே புறப்படவில்லை என்று பிறகு நானா மூலம் தெரியவந்தது. காலி வீதியால் நடந்தே வந்திருந்தார்.

“கிளாக்கர் ஐயா,” என்றார் மதிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. “முந்தி லேட்டாவது ஆச்சி.”

முத்துலிங்கத்தார் ‘மேலிடத்தின் கவனத்துக்கு’ என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மயிலம்மா முடிவாய்ச் சொன்னாள். “இஞ்சாருங்கோ, வாங்கினது சனிக்கிழமை. இதுக்குச் சனி பிடிச்சிருக்கு. எண்ணெய் வைக்க வேணும்.”

“எனக்கும் வைக்கிற நாள்தானே. ரெண்டு பேருக்கும் சேத்து வையும்.”

பின் விறாந்தையில் இரண்டு பேரும் வரிசையாய் இருந்தார்கள். கோவணத்தோடு முத்துலிங்கத்தார், பக்கத்தில் எஞ்சின். இரண்டு தலையிலும் நல்லெண்ணெய் தப்பி, கால்வரை வழியவிட்டாள். ஊறியபின் கிளாக்கர் கிணற்றடிக்குப் போய், சீயாக்காயும் தேசிக்காய்ச் சாறும் வைத்துத் தேய்த்து முழுகினார். பத்து வருஷத்துக் களைப்பில் அரைவாசி கழன்று ஓடியது போல இருந்தது. திரும்பி வந்தால், எஞ்சின் அதே எண்ணெயோடு, அதே கிறீஸ், அதே மெழுகோடு வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

“மயிலம்மா, எண்ணெய் வைச்சவை முழுக வேண்டாமோ?”

“வேணும்தான்.”

“அப்ப இது மட்டும் ஏன் முழுகேல்லை? வாங்கின நாள் தொடக்கம் அப்பினபடியே அப்பிக்கொண்டு இருக்கிறம். ஒருக்காலும் கழுவேல்லை. கரண்டை இது எந்த வழியால வாங்கும்?”

மயிலம்மா யோசித்தாள். சீயாக்காய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் விட்டுக்கொடுத்தது அவர்களுடைய கல்யாணத்தில் அது முதல்முறை.

மிஞ்சிய சீயாக்காயால் ஒவ்வொரு சில்லாகத் தேய்த்தார் முத்துலிங்கத்தார். தண்டவாளத்தையும் தேசிக்காய்த் தோலால் உரஞ்சி, துடைத்து, வெயிலில் காயவைத்தார். பின்னேரம் வயரைப் பூட்டினார். எஞ்சின் இருமவில்லை. வளைவில் நிற்கவில்லை. கூடத்தை மூன்று முறை சுற்றி, தீப்பெட்டியால் கட்டிய ஸ்டேஷனில் வந்து பதமாய் நின்றது.

வெளியே பெரிய கோச்சி ஒரு கூவல் கூவி, நிற்காமல் ஸ்டேஷனுக்குப் போனது.

மதிலுக்கு மேலே தொப்பி எழும்பியது. நானா உள்ளே ஓடிய கோச்சியைப் பார்த்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். வாயைத் திறந்தார். அல்லாவின் மேல் சொன்ன சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார். தொப்பி இறங்கியது.

முதல் பின்னேரம் முத்துலிங்கத்தார் கதிரையிலேயே குறட்டை விட்டார். இரண்டாம் பின்னேரம் கடலின் சத்தத்தைக் கேட்டார். அதன் பிறகு கேட்க ஒன்றுமில்லை. கோச்சி நேரத்துக்கு வந்தது, நானா நேரத்துக்கு வந்தார், கதவைச் சாத்தினார், அவ்வளவுதான். கந்தோரில் ஆயிரம் பேர் முறைப்பட்டார்கள். ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

“என்ன, முகம் ஒரு மாதிரி?” என்றாள் மயிலம்மா.

“களைப்பு.”

“இப்பவும் களைப்போ?”

“இது வேற களைப்பு.”

இப்படி ஒரு மாதம். அடுத்த சனிக்கிழமை பின்னேரம், மயிலம்மா குசினிக்குள் இருந்த நேரம் பார்த்து, காலையில் எண்ணெய்ச் சிரட்டையில் மிஞ்சியதில் ஒரு விரலைத் தோய்த்தார் முத்துலிங்கத்தார். எஞ்சினின் முன்சில்லில் மெதுவாய்த் தடவினார். வயரைப் பூட்டினார்.

எஞ்சின் இருமியது. நாலு சாண் போனது. வளைவில் நின்றது.

பின்னால் கிரீச்சென்றது. ஜன்னலால் ஒரு தொப்பி வெளியே வந்தது. கோச்சி ஓடியதால் மூடிய வாய் அது. கோச்சி நின்றால் திறப்பதற்கு அல்லாவிடம் தடையில்லை என்று நானாவும் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

“கிளாக்கர் ஐயா! ஒங்கட கோச்சி லேட்டு!”

முத்துலிங்கத்தார் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டினார்.

“என்ர கோச்சி இல்லை நானா!” என்று கத்தினார், கடல் பக்கம் கேட்கிற மாதிரி.

அந்த ஒழுங்கைக்கு முதன்முதல் மின்சாரக் கம்பி இழுத்தது ஐம்பத்தொன்றாம் ஆண்டில், வெள்ளைக்காரன் போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு. என் இரண்டு பல்லும் இன்னும் விழவில்லை.