மார்ல்விக்கின் வெயில்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் சீமான்கள் தங்கள் மாளிகையை உள்ளது உள்ளபடி வரையச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர், அவர்களிடம் ஒருநாளும் வேலை பார்க்காதவர். சாய்ந்த புகைபோக்கியை நிமிர்த்த வேண்டும். வெறும் புல்வெளியில் நாலு மான்களை மேயவிட வேண்டும். அகஸ்டா தேர்ல்பி இந்தப் பொய்களைத்தான் நீர்வண்ணத்தில் தீட்டிப் பிழைத்து வந்தாள். அதில் அவளுக்கு வெட்கமில்லை. தையல்காரர் தொந்தியை மறைத்துத் தைப்பதில்லையா என்பாள்.

அவளும் அக்கா ஹெஸ்டரும் மார்ல்விக் மாளிகையின் பின்பக்க அறைகளில் குடியிருந்தார்கள். அப்பா அங்கே காரியஸ்தராக இருந்தவர். அவர் போன பிறகும் மாளிகையின் பெரிய சீமாட்டி இவர்களைப் போகச் சொல்லவில்லை. ஹெஸ்டருக்குச் சிறு வயதிலேயே அம்மையில் பார்வை போய்விட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவளைக் குருடி என்று யாரும் சொல்ல முடியாது. சுவரில் ஒரு கையை ஓட்டிக்கொண்டே, மறுகையில் தேநீர்த் தட்டோடு நூலகம்வரை போய் வருவாள். ஒரு சொட்டு சிந்தாது. வெளியே போனால் கதை வேறு. ஒருமுறை லிங்கன் நகரத்து அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனபோது, திரும்பும்வரை உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல் அழுதாள்.

குளிர்காலத்தில் பெரிய சீமாட்டி இறந்தாள். மகன் லைனல் லண்டனிலிருந்து வந்தான். கூரை ஒழுகியது, உத்தரங்கள் உளுத்திருந்தன. இடித்துவிட்டு ரயிலடிப் பக்கம் புதிதாகக் கட்டலாம் என்றார் கட்டடக்காரர். லைனலுக்கு மனசு வரவில்லை. அம்மா வாழ்ந்த வீடாயிற்றே.

அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டாள் அகஸ்டா. வீட்டின் அழகைக் கண்ணில் காட்டிவிட்டால் இடிக்கக் கை வராது என்று கணக்குப் போட்டாள். யாரும் கேட்காமலே மே மாதம் முழுக்க ஏரிக்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வானம் பாழாய்ப்போன மழையைக் கொட்டியது. அவள் வெயிலைத் தீட்டினாள். சுவரின் ஈரக்கறையை எடுத்தாள். விழுந்துபோன கைப்பிடிச் சுவரை எழுப்பினாள். சீமாட்டியின் அறைச் சன்னலைத் திறந்துவிட்டு, வெள்ளைத் திரை வரும் இடத்தில் மட்டும் வண்ணம் படாமல் தாளின் வெள்ளையை அப்படியே விட்டாள். அத்தனை நல்ல படத்தை அவள் அதுவரை வரைந்ததில்லை.

"என்னடி, வீட்டுக்குக் கல்யாணமா பண்றே?" என்று கேலி செய்தாள் ஹெஸ்டர்.

"ஆமாக்கா. மாப்பிள்ளைக்குப் புடிக்கணுமே."

லைனல் படத்தை நூலகத்துச் சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். அவன் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று அகஸ்டாவின் நெஞ்சு துள்ளியது.

"இதுதான் எங்கம்மா வீடு," என்றான். "இடிச்சா அம்மாவையே இடிக்கிற மாதிரி இருந்துச்சு, மிஸ் தேர்ல்பி. இப்ப அந்தப் பயம் போயிடுச்சு. வீடு இதுல பத்திரமா இருக்கு. வெளியில அழுகிக்கிட்டு நிக்குதே, அது எங்க வீடே இல்ல."

இடிக்கும்படி அன்றைக்கே கட்டடக்காரருக்குச் சொல்லி அனுப்பப் போவதாகச் சொன்னான். சகோதரிகளுக்கு ரயிலடிப் பக்கம் ஒழுகாத புது வீடு ஒன்று தருவதாகவும் சொன்னான். நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது ஆத்திரத்தைத் தீர்த்திருக்கலாம்.

அந்த வெயில் பொய் என்றாள் அகஸ்டா. தெரியும் என்றான். அக்காவுக்கு இந்தச் சுவர்கள்தான் கண் என்று கெஞ்சினாள்.

"அவங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுத்துடுங்களேன்," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் சிவந்து, படத்தைப் பார்த்தபடி நின்றான்.

அகஸ்டா அன்று மாலையே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹெஸ்டர் அழவில்லை.

மறுநாள் காலை நடைக்கூடத்தில் ஏதோ மோதும் சத்தம் கேட்டு அகஸ்டா ஓடினாள். ஹெஸ்டர் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு, சுவரைத் தொடாமல் நடந்துகொண்டிருந்தாள். மேசை முனை இடித்து நெற்றியில் ரத்தம் வழிந்தது.

"கிட்ட வராதேடி. நான் பழகிக்கணும்."

சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடந்து, கதவில் போய் மோதினாள்.