எல்லாப் படத்திலும் ஜீரோ

மைக்ரோவேவ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவருக்குப் பயந்த சுபாவம் இருக்கலாமா? அவள் புருஷனுக்கு இருந்தது. பின்னால் யாராவது தும்மினாலே ஒரு துள்ளு துள்ளுவார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த அடுப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரப்பர் கைப்பிடி போட்ட நீள ஸ்குரூடிரைவரால் தட்டித்தான் அதைத் தீர்ப்பார். பட்டென்று பொறி பறக்கும். பதினோரு வருஷமாக அந்தப் பொறிக்குச் செத்துச் செத்துப் பிழைத்தார் மனுஷன்.

அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் ஆன்லைனில் அந்த மீட்டரைத் தேடிப் பிடித்தாள். யாரோ பயன்படுத்தியது, ஆனால் பெரிய வோல்டேஜெல்லாம் அளக்குமாம்; கெப்பாசிட்டரில் வைத்து ஜீரோ காட்டினால் தட்டவே வேண்டாம். புதிதின் விலையில் கால்வாசிகூட இல்லை. விற்கிறவன் ஒரே மாதிரி மூன்று வைத்திருந்தான். போன வாரம் பார்சல் வந்தது. பட்டனை அழுத்தியதும் திரை பளிச்சென்று ஜீரோ காட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நின்ற இடத்திலேயே ஐந்து நட்சத்திரம் குத்தி, நம்பி வாங்கலாம் என்றும் எழுதிவிட்டாள். எதையாவது அளந்து பார்த்தாளா? அதுதான் இல்லை.

மீட்டர் வந்த பிறகு முதல் அடுப்பு இன்றைக்குத்தான் வந்தது. மத்தியானம் அவர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினார். மீட்டரின் முனைகளைக் கெப்பாசிட்டரில் வைத்தார். ஜீரோ. ஸ்குரூடிரைவர் பக்கமே திரும்பாமல், சந்தோஷமாகக் கையை உள்ளே விட்டார்.

எதிரே ஸ்டூலில் இருந்தவளுக்கு அப்போதுதான் மீட்டர் விற்றவன் விளம்பரத்தில் போட்டிருந்த படங்கள் ஞாபகம் வந்தன. நாலு படம். நாலிலும் ஜீரோ. எதையாவது அளக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. கெட்டுப்போன மீட்டரும் ஜீரோதானே காட்டும்?

கத்தினால் துள்ளுவார். துள்ளினால் விரல் கெப்பாசிட்டரில் படும். கத்தாவிட்டாலும் விரல் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிடுகிற குரலை எங்கிருந்தோ வரவழைத்தாள்.

"ஏங்க, கைய மெதுவா வெளிய எடுங்க. எதையும் தொடாம."

"ஜீரோதானே காட்டுது?"

"காட்டட்டும். நீங்க எடுங்க, என் ராசா இல்ல."

எடுத்தார். அந்தக் கை முழுதாக வெளியே வரும்வரை அவள் மூச்சு விடவில்லை. பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்துத் தானே தட்டினாள். பொறி மேஜை முழுக்கச் சிதறியது. அவர் துள்ளவில்லை. துள்ளத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுகை அடங்கியதும், எழுதியதை அழிக்கப் போனைத் திறந்தாள். அவளுடைய ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே ஒருவர் சற்றுமுன் எழுதியிருந்தார்.

'அக்கா, நீங்க எழுதுனத நம்பி நானும் வாங்கினேன். இப்பதான் வந்துச்சு. சூப்பரா ஜீரோ காட்டுது.'

தொடாதீங்க என்று அடிப்பதற்குள் அவள் விரல் நாலு தடவை வழுக்கியது. அனுப்பினாள். போனைத் தரையில் வைத்து, இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வரவில்லை.