கஷ்டப்பட்டு வளர்த்த பிள்ளை

எல்லாம் அன்புராசா அங்கிளின் வாயால் வந்த வினை.

அவருடைய மகன் றொய்சன் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடுகிறவன். பெரிய லீக் இல்லை, அதற்கு இரண்டு படி கீழே. ஆனாலும் முதுகில் பெயர் அடித்து, டிக்கெட் விற்று, சனம் வந்து பார்க்கிற விளையாட்டுத்தான். அவனைப் பற்றி அவனுடைய கழகம் ஒரு சின்ன வீடியோ எடுத்தது. மகனை எப்படி வளர்த்தீர்கள் என்று அங்கிளிடம் கேட்டார்கள். எந்தத் தமிழ்த் தகப்பனும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"சரியாக் கஷ்டப்பட்டுத்தான் வளத்தனாங்கள்."

விடியற்காலையில் எழும்பி, கார்க் கண்ணாடியில் பனி சுரண்டி, பெடியனைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கினதைத்தான் அவர் சொன்னார். வீடியோ எடுத்த நிரோஷினி இந்தக் குளிர்நாட்டிலேயே பிறந்த பிள்ளை. வீட்டில் தமிழ் கதைப்பாள் என்பதற்காகவே அவளை அனுப்பியிருந்தார்கள். அவள் அங்கிளின் முகத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'வறுமையில் வளர்த்தோம்' என்று எழுத்து ஓடவிட்டாள்.

அங்கிள் வீடு விற்கிற ஏஜென்ட். ஸ்டீல்ஸ் வீதி பஸ் தரிப்பிடங்களில் சனம் குந்துகிற வாங்குகளில் ஒட்டின விளம்பரப் படத்தில் கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். மில்லிக்கனில் அவர்கள் வீட்டு கராஜில் இரண்டு கார் நிற்கும். வறுமை என்று போட்டதற்கு அவர் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வறுமை முடிந்துபோன பிறகு அதை நல்லாகப் பிடிக்கும். கழகத்துக்கும் சந்தோஷம். கூடைப்பந்து விளையாடுகிறவன் ஏழை வீட்டிலிருந்து வந்தால்தான் சனம் கண்கலங்கும், வசதியான வீட்டுப் பிள்ளை என்றால் யார் பார்ப்பது? அதே அணியில் மார்க்கஸ் என்றொரு கறுப்புப் பெடியன் இருக்கிறான். அவனுடைய தாய் பல் டொக்டர். அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமலே உடைந்த வேலிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்களாம்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அங்கிளின் வாங்குப் படத்தை வீடியோவுக்குக் கீழே போட்டு, "இவரா வறுமை?" என்று எழுதிவிட்டான். கழகத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அப்போதுதான் றொய்சனுக்கு என் ஞாபகம் வந்தது.

நான் வினோதன். வோபர்னில் ஒரு பழைய பில்டிங்கின் பதினோராம் மாடியில் அம்மாவோடு இருக்கிறேன். ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பதினைந்து வயதில் றொய்சனும் நானும் ஒரே அணி. அவனைவிட நான் நன்றாக விளையாடினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கமரா இல்லாத இடத்தில் கேட்டால் அவனே சொல்வான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடி சொன்னான்.

"மச்சான், கழகம் இன்னொரு வீடியோ எடுக்குது. நாங்கள் ரெண்டு பேரும் உந்த பில்டிங்கிலதான் ஒண்டா ஓடித்திரிஞ்சனாங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நீ சொன்னா நம்புவினம்."

"நீ எப்பயடா இங்க ஓடித்திரிஞ்சனீ? லிஃப்ற் மணக்குதெண்டு கீழ நிண்டு போன் அடிக்கிறனீ."

சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். "கழகத்தின்ர அக்கடமியில பிள்ளையளுக்கு ஒரு கோச் எடுக்கினம். முழுநேர வேலை. உன்ர பேரைக் குடுத்திருக்கிறன். இந்த வீடியோவைச் செய்து குடுத்தா அவையள் மாட்டம் எண்டு சொல்லமாட்டினம்."

அந்த வேலை எனக்கு வேண்டும். இதை மறைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இருபத்தொன்பது வயதில் முதுகு பிடித்துப்போய் நிற்கிறேன். பந்து தரையில் தட்டுகிற சத்தத்துக்குள் ஒரு நாளைக் கழித்து, அதற்குச் சம்பளமும் வாங்குவது என்றால் நான் எதற்கும் சம்மதிப்பேன் என்று நினைத்தேன். சரி என்று சொன்னேன்.

நான் விளையாட்டை விட்ட கதை சின்னது. எங்கள் பயிற்சி நகரத்துக்கு மற்றப் பக்கத்து மிசிசாகாவில், விடிய ஆறு மணிக்கு. வோபர்னில் இருந்து அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்கிற பஸ் கிடையாது. றொய்சனின் தாய் எமில்டா அன்ரிதான் தன் வானில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவா. ஒரு வருசம் ஏற்றினா, ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அங்கிளின் முறை வந்து அவர் ஓட்டுகிற நாட்களிலும் அப்படித்தான். பிறகு ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்கில் யாரோ ஒரு பெண் அம்மாவைக் கேட்டாளாம், "உங்கட மகன் இப்ப எமில்டா ஆக்களின்ர வாகனத்திலதானாமே திரியிறார்?" அவள் சும்மாதான் கேட்டிருப்பாள். அம்மாவுக்கு அது சுட்டுவிட்டது.

"ஆக்களின்ர காரில நெடுகப் போறது வடிவில்லை. இனி ஏறாதை."

அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா விடியக் கொம்பனிக் கந்தோர்கள் துப்பரவாக்கி, பின்னேரம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நிற்பா. லைசன்ஸ் இல்லை, கார் இல்லை. அவவிடம் இருந்ததெல்லாம் யாரிடமும் கைநீட்டாத அந்த ஒரு குணம்தான். நான் மூன்று கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பிந்தினேன். பிந்தினவனைக் கோச் விளையாட விடாமல் வாங்கில் இருத்தினான். நாலாம் கிழமை நான் போகவில்லை. எமில்டா அன்ரி எனக்கு ஆசை விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டா. அம்மா அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினாலு வருசமாக நாங்கள் ஒரே வீட்டில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பில்டிங்குக்குப் பின்னால் இருக்கிற, வலை அறுந்த வளையத்துக்குக் கீழே நிரோஷினி என்னை நிறுத்தினாள். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. வெயிலுக்குக் கண் கூசுகிறதா என்றெல்லாம் கேட்டாள். றொய்சனும் நானும் ஒன்றாகத்தான் இங்கே வளர்ந்தோம் என்று ஒப்புவித்தேன். பிறகுதான் அவன் எனக்குச் சொல்லாத கேள்வி வந்தது.

"வினோதன் அண்ணா, லைக், நீங்க ரெண்டு பேரும் சேம் பிளேஸ். ஆனா அவர் ப்ரோ பிளேயர் ஆகிட்டார், நீங்க ஆகேல்லை. அவரிட்ட என்ன இருந்தது, உங்களிட்ட இல்லாதது? பசியா?"

பசியாம். பயிற்சி முடிய எமில்டா அன்ரி பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்த ரோல்ஸை வானுக்குள் இருந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவனிடம் இருந்தது ஒரு வான். அதற்குள் ஒரு தாய், பெற்றோல், அவன் வெளியே வரும்வரை பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்க நேரம். இது வாய்வரை வந்துவிட்டது. கமராவுக்குப் பின்னால் நின்ற றொய்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். திங்கட்கிழமை காலை ஃபோர்க்லிஃப்ட் ஆசனத்தில் ஏறுவதை நினைத்தேன். எனக்குச் சரியான அலுப்பாக இருந்தது.

"அவன் என்னைவிடக் கஷ்டப்பட்டவன்," என்றேன். "நான் சோம்பேறி. என்னை ஒருத்தரும் மறிக்கேல்லை. நானாத்தான் விட்டனான்."

"சோ ஆனெஸ்ட், அண்ணா," என்று நிரோஷினி நெஞ்சில் கை வைத்தாள். இந்த முறை மொழிபெயர்ப்பில் பிழை வராது என்றும் சொன்னாள். றொய்சன் வந்து கட்டிப்பிடித்தான். எனக்கு அவனைப் பிடித்துத் தள்ளவேண்டும் போலிருந்தது, ஆனால் தள்ளவில்லை.

வியாழக்கிழமை வேலைக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. பாரிஸில் இருக்கிற சித்தி அதை அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டா. நான் வேலையால் வந்தபோது அம்மா சப்பாத்துக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. என் குரல் திரும்பத் திரும்ப 'சோம்பேறி' என்று சொன்னது.

"நீ உதில சொன்னது உண்மையே?"

"எது?"

"நீயாத்தான் விட்டதெண்டு."

வேலைக்காகச் சொன்னது அம்மா, வேறொன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மா விடவில்லை.

"நான் அவவின்ர காரில ஏறாதையெண்டு மறிச்சபடியால்தான் உன்ர விளையாட்டுப் போச்செண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன். உன்னட்டக் கேக்கப் பயம். ஓமெண்டு சொல்லிப்போடுவியோ எண்டு பயம்."

என்றாவது ஒரு நாள் அம்மா இதைக் கேட்பா என்று நான் எத்தனையோ பஸ் பயணங்களில் பதிலைத் தயார்செய்து வைத்திருந்தேன். நல்ல சூடான பதில். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"இல்லையம்மா," என்றேன். "எனக்கு அலுத்துப்போச்சு. நீங்கள் மறிக்காட்டிலும் விட்டிருப்பன்."

அம்மா ஸ்வெற்றர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கிறியா என்று கேட்டா. நான் போட்டுக்கொள்கிறேன் என்று குசினிக்குப் போனேன். கேத்தில் கொதிப்பதற்குள் அம்மா சித்திக்குப் போன் எடுத்துவிட்டா.

"கேட்டியேடி, அவன் தானாத்தான் விட்டவனாம். சோம்பலாம். நான் ஒண்டும் செய்யேல்லையாம்," என்று அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தா.