ஃப்ரீசர் வந்த வீடு

பிரகதாம்பாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாளும் குறித்தாகிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை. வயிற்றில் கத்தி வைக்கப் போவதைப் பற்றி அவளுக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கூட இருக்கத் தங்கை குந்தவை திருத்துறைப்பூண்டியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். கவலையெல்லாம் வீட்டில் இருக்கிற மனுஷன் என்ன சாப்பிடுவார் என்பதுதான்.

போன வருஷம் வாதம் வந்து துரைக்கண்ணுவுக்கு வலது கை விழுந்துவிட்டது. தடியை ஊன்றி நடக்கிறார். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வேளாவேளைக்குத் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்தே பழகியவர், இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்திலேயே வெந்நீர் வைக்கத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் இவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாதாம், அடுப்படியில் நிற்கக் கூடாதாம். டாக்டரம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கும்.

ஒரே பிள்ளை ராம்கி சிங்கப்பூரில் இருக்கிறான். திருச்சியில் விமானம் ஏறினால், பஸ்ஸில் சென்னைக்குப் போகிற நேரம்கூட ஆகாது. ஆனாலும் அவன் வந்து மூன்று தீபாவளி ஆகிவிட்டது.

"ரெண்டு வாரம் வந்து இருந்துட்டுப் போடா. எனக்காக வேணாம், உங்கப்பாவுக்கு ஒரு வாய் சோறு போட ஆளில்ல" என்று போனில் கேட்டுப் பார்த்தாள்.

"லீவுன்னு வாயத் தொறந்தாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாங்கம்மா. தலைகீழா நின்னாலும் இப்பக் கெடைக்காது" என்றான். பிறகு அவனே ஒரு வழியும் சொன்னான். "முன்னாடியே சமைச்சு ஃப்ரீசர்ல போட்டு வச்சுரும்மா. இங்க எல்லாரும் அப்படித்தான். ஒரு நாள் அடுப்புப் பத்த வச்சா ரொம்ப நாள் ஓடும். வீடியோ அனுப்புறேன், பாரு."

இதைத் துரைக்கண்ணுவிடம் சொல்லும்போது பிரகதாம்பாள் வேறு மாதிரி சொன்னாள். "வரணும்னுதான் பய துடியாத் துடிக்கிறான், கம்பெனிக்காரன் விட மாட்டேங்கிறான்" என்றாள். பிள்ளை வாயிலிருந்து வருகிறது எதுவானாலும் அப்பன் காதுக்குப் போகுமுன் அதைக் கொஞ்சம் மெருகேற்றிவிடுவது அவள் வழக்கம். அவரும் நம்பினார், அல்லது நம்பின மாதிரி இருந்தார்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி பளபளவென்று இருந்த சமையலறையில் நின்று சிரித்துக்கொண்டே எதையெதையோ வெட்டி அடுக்கினாள். சிக்கனச் சமையல் என்று தலைப்பு வேறு. அவள் தூவின சீஸ் ஒன்றின் விலையில் இங்கே ஒரு குடும்பம் வாரம் முழுக்கச் சாப்பிடலாம். குறுவை நெல் விற்ற பணம் அப்படியே ஆபரேஷனுக்கு என்று எடுத்து வைத்தாகிவிட்டது. ஆகவே பிரகதாம்பாள் அந்த அம்மாளின் வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, பண்டத்தைத் தன் கொல்லையிலிருந்து எடுத்தாள். சொந்த அரிசி, ரேஷன் பருப்பு, வாழைப்பூ, வாழைத்தண்டு, வேலி முருங்கைக் கீரை.

வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் நாலு டப்பா வைத்துப் பழகிப் பார்த்தாள். உருளைக்கிழங்கு உறைந்து உருகினால் சக்கையாகிவிடுகிறது. கத்திரிக்காய் கூழாகிவிடுகிறது. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு திரிந்துபோகிறது. வத்தக்குழம்பும் பருப்பு உசிலியும்தான் ராஜா மாதிரி இருந்தன, வைத்தது வைத்தபடி. சோற்றைப் பொலபொலவென்று வடித்து, நன்றாக ஆறவிட்டு, தட்டையாகப் பரப்பி வைத்தால் சுடுதண்ணீரில் டப்பாவோடு இறக்கினதும் புதுச்சோறு போல எழுந்துவிடுகிறது. கரண்ட் அடுப்பில் எந்தப் பட்டனை இடது கையால் அமுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"என்னைக்கோ வச்சத நான் திங்கணுமா?" என்று துரைக்கண்ணு மூக்கைச் சுளித்தார்.

"ஐஸ்ல வச்சா கெடாதுங்க."

"பொணத்தக்கூடத்தான் ஐஸ்ல வைக்கிறான். அதுவும்தான் கெடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் ஃப்ரீசர் என்றால் அது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான். செத்தவரை மறுநாளே எடுக்க முடிவதில்லை. பிள்ளை வந்து முகம் பார்க்கிற வரைக்கும் கிடத்தி வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி வாடகைக்கு வரும். அதற்குப் பெயர்தான் ஃப்ரீசர். ஒரு தெருவுக்குள் ஃப்ரீசர் நுழைகிறது என்றால் எந்த வீட்டில் என்று மட்டும்தான் கேட்பார்கள், எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

பிரகதாம்பாள் இதை யோசிக்கவே இல்லை. மேல்தட்டு போதாது என்றதும் ஒரத்தநாட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற ஜெக்கரியா பாயிடம், மூடிப்போன பேக்கரி ஒன்றின் ஐஸ்கிரீம் பெட்டியைப் பேசி முடித்தாள். மழைக்காலத்தில் ஐஸ்கிரீம் பெட்டியை யார் சீண்டுவார்கள்? அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் குட்டி யானையில் ஏற்றி அனுப்பினார். டிரைவர் வெளியூர்க்காரன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "துரைக்கண்ணு வீடு எதுங்க? ஃப்ரீசர் இறக்கணும்" என்று கேட்டான்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதில் அரசப்பனும் இருந்தான். துரைக்கண்ணுவுக்குப் பங்காளி முறை, தம்பி. ஊரில் எந்தச் சாவையும் தான்தான் முதலில் சொன்னதாக இருக்க வேண்டும் அவனுக்கு. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு டிரைவருக்கு வழியைக் காட்டினான். பெட்டி தார்ப்பாயால் மூடியிருந்தது. அதைத் தூக்கிப் பார்க்கலாம், இல்லை நூறடி நடந்து வீட்டில் போய்ப் பார்க்கலாம். அரசப்பன் போனைத்தான் எடுத்தான். முதலில் சிங்கப்பூருக்குச் சொன்னான். அடுத்தது குடும்ப வாட்ஸ்அப்பில் துரைக்கண்ணுவின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதினான். அப்புறம் பந்தல்காரனைக் கூப்பிட்டான். அத்தனையும் பெட்டி வீட்டுக்குள் இறங்கி முடிவதற்குள்.

பிரகதாம்பாள் பெட்டியைக் கூடத்தில் வைக்கச் சொல்லி, காலையில் ஆறவைத்திருந்த வத்தக்குழம்பு டப்பாக்களை முதல் வேலையாக உள்ளே அடுக்கிவிட்டுக் கொல்லை அடுப்புக்குப் போய்விட்டாள். போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது. வாழைப்பூ வதங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா... உன்ன இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாரேக்கா..."

"யாருடி?"

உள்ளேயிருந்து தடிச் சத்தம் கேட்டது. துரைக்கண்ணு கொல்லைவாசலில் வந்து நின்று, "யாரு போயிட்டா?" என்றார். அவரைப் பார்த்ததும் ஆனந்தவல்லி ஒரு அலறல் அலறிவிட்டு விறகு மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கூடத்தில் அதற்குள் பத்துப் பதினைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள். அரசப்பன் மாலையோடு பெட்டியை நெருங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே!" என்று மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாக வத்தக்குழம்பு இருந்தது. அந்தச் சமயம் பார்த்து அண்ணன் பின்னாலிருந்து, "என்னடா தேடுற?" என்றார்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள், அரசப்பனைத் திட்டினவர்கள் திட்டினார்கள். துரைக்கண்ணுவுக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது. எத்தனை மாலை வந்தது, யார் வாங்கி வந்தது என்று விசாரித்தார். பிரகதாம்பாளுக்கு மட்டும் சிங்கப்பூர் ஞாபகம் வந்தது.

"தம்பி, ராம்கிக்குச் சொல்லிட்டீங்களா?"

"மொத ஆளா அவனுக்குத்தான் அண்ணி" என்றான் அரசப்பன், குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது.

போனை எடுக்க ஓடினாள். ராம்கி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தான். கடைசியாக ஒரு செய்தி கிடந்தது. "லீவ் குடுத்துட்டாங்கம்மா. ராத்திரி ஃப்ளைட். நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுக்க வேணாம்னு சொல்லு."

பிள்ளை என்ன பாடு படுகிறானோ என்று பதறி வந்தவள் அதைப் படித்துவிட்டு ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டாள். உண்மை அதுதான். வருகிறான். வெள்ளிக்கிழமைக்கு இருப்பான். ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது வெளியே அவன் நிற்பான். போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

அவனால் பேசவே முடியவில்லை. "அம்மா... அம்மா..." என்று அழுதான்.

"அழாதடா கண்ணு. அப்பா இருக்கார்டா. குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கார்" என்று நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் நம்பவில்லை. வீடியோவில் காட்டச் சொன்னான். ஜன்னல் வழியாகக் காட்டினாள். துரைக்கண்ணு இடது கையை நீட்டி அரசப்பனைக் கிழித்துக்கொண்டிருந்தார். ராம்கி அழுதுகொண்டே சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். "லீவும் கெடைச்சிருச்சு, டிக்கெட்டும் போட்டுட்டே. பொறப்பட்டு வந்துரு. வெள்ளிக்கெழம கூட இருந்துட்டுப் போ."

 

"அம்மா, அது... அப்பா தவறிட்டாருன்னு சொல்லி வாங்குன லீவும்மா."

"அதனால என்னடா? கெடைச்சது கெடைச்சதுதானே?"

"இல்லம்மா. அத ஒரு தடவதான் குடுப்பாங்க. இப்ப எடுத்துட்டா, நாளைக்கி நெஜமாவே ஒண்ணுன்னா அப்ப வர முடியாமப் போயிரும். நீயே யோசிச்சுப் பாரு. இப்பவே சொல்லிட்டா கேன்சல் பண்ணிரலாம்."

பிரகதாம்பாளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் அப்பனின் சாவுக்காக ஒரு லீவைச் செலவழிக்காமல் எடுத்து வைக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை.

"அப்ப எனக்கு?" என்று கேட்டாள். ஆபரேஷனைத்தான் கேட்டாள்.

"ஒனக்குத் தனியாக் குடுப்பாங்கம்மா" என்றான், யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "ஐயோ, நான் அத நெனச்சுச் சொல்லலம்மா..." என்று என்னென்னவோ சொன்னான். 

"சரிடா. ரெண்டையும் பத்திரமா வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

வாழைப்பூ அடிப்பிடித்திருந்தது. கருகினதைச் சுரண்டி எறிந்துவிட்டு மீதியை ஆறவைத்தாள். டப்பாக்களில் போட்டாள், மூடினாள், அடுக்கினாள். வாங்கி வந்த மாலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளையார் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். சாவு மாலையைச் சாமிக்குப் போட மாட்டேன் என்று பூசாரி திருப்பிவிட்டார். பந்தல்காரன் நாற்காலிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான். அப்புறம் தெரு அடங்கியது.

சாயங்காலம் துரைக்கண்ணு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். முகம் கழுவி விபூதி இட்டிருந்தார். வாதம் வந்த பிறகு அவர் முகத்தில் இப்படி ஒரு களையை அவள் பார்த்ததில்லை.

"அரசப்பன் சொன்னான், அவனுக்கும் சேதி அனுப்பியிருந்தானாம். பய துடிச்சுப் போயி ஒடனே டிக்கெட் போட்டுட்டானாமே?" என்றார். "பாவம், அழுதானா? கறியும் மீனும் கேப்பான், நாளைக்கே சொல்லி வச்சுரு. இந்த டப்பாச் சோத்தையெல்லாம் நீயே வச்சுக்க. அவன் பக்கத்துல ஒக்காந்து ஊட்டிவிட்டா நான் வெறும் ரசஞ்சோறு தின்னுட்டுக் கெடப்பேன். எத்தன மணிக்குத் திருச்சில எறங்குறான்?"

கம்பெனிக்காரன் கடைசி நேரத்தில் விடவில்லை என்று சொல்லலாம். விமானத்தில் இடமில்லை என்று சொல்லலாம். அவர் நம்பிவிடுவார். வாயைத் திறந்தபோது அவளுக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"வரலைங்க" என்றாள். "நீங்க உசுரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் நின்னுட்டான்."